தொழில் மண்டலத்தில் உள்ளரங்க விளையாட்டு: வகைப்பாட்டை மாற்றச் சொல்லி மனுப் போட்டால் நடக்குமா?

ஜனவரி 8 (ஒரு வாசகரின் கேள்வி)

மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கோடவுனை வாடகைக்கு எடுத்து பேட்மிண்டன் கோர்ட் போடலாம் என்று இருக்கிறோம். உரிமையாளருக்குச் சம்மதம். திட்ட அலுவலகத்தில் விசாரித்தால் 'அது தொழில் மண்டலம், விளையாட்டுக்கு இடமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சும்மா கிடக்கிற கட்டடத்தில் நாலு பேர் விளையாடினால் யாருக்கு என்ன நஷ்டம்? மண்டலத்தை மாற்றச் சொல்லி மனுப் போட்டால் நடக்குமா?

ஜனவரி 8, இரவு

நடக்கும், ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரி கேட்டால் நடக்காது. நானும் இதே கேள்வியோடுதான் போனேன், வார்த்தைகூட மாறாமல் 'யாருக்கு என்ன நஷ்டம்' என்று. திட்டக் குழுக் கூட்டத்தில் எங்கள் மனு வந்ததும் போனதும் பத்து நிமிஷம். அதில் நான் பேசியது எட்டு நிமிஷம்.

நான் செய்த பிழை என்னவென்றால், எந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் மண்டல வரைபடத்தையே மாற்றச் சொன்னேன். எங்கள் மனை ஒன்றை மட்டும் தொழில் மண்டலத்திலிருந்து எடுத்து வணிக மண்டலமாக்குங்கள் என்று. சுற்றி நாலு பக்கமும் பட்டறை, நடுவில் ஒரு மனை மட்டும் வேறு நிறம். எந்தத் திட்டக் குழுவுக்கும் இது கண்ணை உறுத்தும். காரணம் எளிது: நிலம் ஒருமுறை வணிகமாகிவிட்டால் நாளைக்கு நீங்கள் காலி செய்துவிட்டுப் போனாலும் அங்கே கடைவளாகம் வரலாம், கல்யாண மண்டபம் வரலாம். அவர்கள் உங்களைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, உங்களுக்குப் பிறகு வருகிறவரை நினைத்து முடிவெடுக்கிறார்கள்.

இரண்டாவது வழி, மண்டலம் அப்படியே இருக்கட்டும், அந்த மண்டலத்தில் அனுமதிக்கும் பயன்பாடுகளின் பட்டியலில் 'உள்ளரங்க விளையாட்டுக் கூடம், நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு வரி சேருங்கள் என்று கேட்பது. நாங்கள் இரண்டாம் தடவை போனது இந்த வழியில்.

ஜனவரி 9

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போச்சு. மனுவுக்கு முன்னால் டேப் எடுத்துக்கொண்டு போய் கட்டடத்தை அளந்து பாருங்கள். சிரிக்காதீர்கள். நாங்கள் முதலில் பார்த்து ஆசைப்பட்டது ஒரு பழைய கான்கிரீட் கட்டடம், இரண்டு திசையிலும் 6 மீட்டருக்கு ஒரு தூண். பேட்மிண்டன் இரட்டையர் கோர்ட்டின் அகலம் 6.1 மீட்டர். அதாவது பத்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில் ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒரு தூண் ஓரக்கோட்டின் மேல் ஏறி நிற்கும். அந்தத் தூணையும் ஒரு ஆட்டக்காரராகக் கணக்கில் எடுத்தால்தான் உண்டு. இரும்புச் சட்டம் போட்டு நடுவில் தூணே இல்லாமல் 20 மீட்டர் அகலம் தருகிற ஷெட்தான் வேண்டும், நீளவாக்கு 13.4 மீட்டர் போக முன்னும் பின்னும் ஓட இடம் கிடைக்கும்.

உயரத்தையும் பாருங்கள். கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் தலைக்கு மேல் தடையில்லாமல் 7 மீட்டர் வேண்டும், பேட்மிண்டனில் பெரிய சர்வதேசப் போட்டி என்றால் 12 மீட்டர். நமக்கு அது வேண்டாம், ஆனால் கிரேன் உத்தரம் எந்த உயரத்தில் போகிறது என்று பார்த்துவிடுங்கள். கூரையின் உச்சியை அளந்து சந்தோஷப்பட்டு, கிரேன் உத்தரத்தை மறந்தவன் சொல்கிறேன்.

ஜனவரி 11

'சும்மா கிடக்கிறது' என்ற வாதம் ஏன் எடுபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழைய கதை கொஞ்சம் தெரிந்தால் எரிச்சல் குறையும்.

நகரம் முழுவதற்கும் மண்டல விதி என்று நியூயார்க் 1916-ல் கொண்டுவந்தது. சில வருடம் கழித்து ஒஹாயோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊர் மேல் ஆம்ப்ளர் ரியால்ட்டி என்கிற நிலக் கம்பெனி வழக்குப் போட்டது: எங்கள் 68 ஏக்கரைத் தொழிற்சாலைக்கு விற்கலாம் என்றிருந்தோம், நீங்கள் கோடு போட்டு மதிப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று. 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி சதர்லேண்ட் எழுதிய தீர்ப்பில் ஒரு வரி உண்டு, தொல்லை என்பது சில சமயம் சரியான பொருள் தப்பான இடத்தில் இருப்பதுதான், தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்து நிற்பது போல.

அந்தக் காலத்துப் பயம் முழுக்க ஆலை வீட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதுதான். நம்முடைய கேஸ் தலைகீழ். கூடத்தில் இருந்த பிள்ளை தானாக எழுந்து தொழுவத்துக்கு விளையாடப் போகிறது. பன்றிக்கு இதில் என்ன ஆட்சேபம் என்று நான் கூட்டத்தில் உண்மையிலேயே கேட்டேன். பக்கத்துப் பட்டறை உரிமையாளர்கள் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உவமையை இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜனவரி 11, பின்னிரவு

அவர்களுக்கு ஆட்சேபம் இருந்தது, அதுவும் நியாயமான ஆட்சேபம். ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதை என்றார் ஒருவர். இன்றைக்கு இரவு எட்டு மணிக்குப் பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டால் கேட்க ஆள் இல்லை. நாளைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தால், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர் வெளியே காரில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், வெல்டிங் புகை வருகிறது என்று முதல் புகார் போகும். அதன் பிறகு ஆய்வாளர் வருவார். முதலில் இருந்தவன் குற்றவாளி ஆவான். தொழில் நிலத்தில் வேறு பயன்பாட்டை அனுமதிக்கத் திட்டக் குழுக்கள் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வாடகை இன்னொரு காரணம். ஒரு லேத்துப் பட்டறை தருகிற வாடகையைவிட நாம் கொஞ்சம் கூடக் கொடுப்போம். அது தெரிந்தால் உரிமையாளர் அடுத்த பட்டறையையும் காலி செய்யச் சொல்வார். லேத்துக்காரர் எங்கே போவார்? விளையாட்டுக் கூடத்தை நாலு இடத்தில் வைக்கலாம். சத்தமும் புகையும் வருகிற தொழிலை வைக்க அந்த ஒரு மண்டலம்தான் இருக்கிறது.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சரி என்று பட ஒரு மாதம் ஆனது.

ஜனவரி 14

மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்டவருக்கு. ஒரே பதில் கிடையாது, அதுவே ஒரு பதில். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 1 முதல் கடை, அலுவலகம், இலகு தொழில், உள்ளரங்க விளையாட்டு எல்லாவற்றையும் 'இ' என்ற ஒரே வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஒரே வகுப்புக்குள் மாறுவதற்குத் திட்ட அனுமதி தேவையில்லை, ஆக இலகு தொழில் நடந்த இடம் பொதுவாகப் பேட்மிண்டன் கூடமாகலாம். ஆனால் கோடவுனும் கனமான தொழிலும் அந்த வகுப்பில் இல்லை, அங்கே அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். மோட்டார் வண்டி, துப்பாக்கி சம்பந்தப்பட்ட விளையாட்டு வெளியே. நீச்சல் குளமும் சறுக்கு அரங்கமும்கூட வேறு வகுப்பு.

ஜப்பானில் இப்போது 13 வகை மண்டலம். தொழிலுக்கு என்று உள்ளதிலேயே படி இருக்கிறது: சாதாரணத் தொழில் மண்டலத்தில் பௌலிங், சறுக்கு அரங்கம், நீச்சல் குளம் வைக்கலாம், வீடுகூடக் கட்டலாம். தொழிலுக்கு மட்டுமே என்று ஒதுக்கிய மண்டலத்தில் இதெல்லாம் கிடையாது. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, 'தொழில்' என்ற ஒரே சொல்லுக்குள் அட்டைப்பெட்டி கோடவுனையும் அமிலத் தொட்டியையும் ஒன்றாகப் போடவில்லை. உங்கள் மனுவில் இந்தப் பிரிவைக் கொண்டுவாருங்கள். தொழில் மண்டலம் முழுவதையும் திறந்துவிடச் சொல்லாதீர்கள், அதில் எந்தப் பகுதி என்று நீங்களே குறுக்கிக் கேளுங்கள்.

ஜனவரி 15

டேபிள் டென்னிஸ் போதுமே, எதற்கு இவ்வளவு உயரம், எதற்குக் கோடவுன் என்று ஒருவர். பேட்மிண்டன்காரனிடம் இப்படிக் கேட்பது அழகல்ல. மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 19

பார்க்கிங். எங்கள் முதல் மனுவில் நான் ரொம்பவும் நம்பிய வாதம் இதுதான்: ஆலை பகலில் ஓடும், நாங்கள் மாலையிலும் விடுமுறை நாளிலும் வருவோம், ஒரே பார்க்கிங்கை இருவரும் பகிரலாம், லாரியும் சைக்கிளும் ஒரே நேரத்தில் சாலையில் இருக்காது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். பக்கத்து ஆலை மூன்று ஷிப்ட் என்பதை நான் விசாரிக்கவே இல்லை. இரவு பத்து மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஒரு கூட்டம் வெளியே வரும், ஒரு கூட்டம் உள்ளே போகும், எங்கள் கடைசி ஆட்டம் முடிவதும் பத்து மணி. லோடு ஏற்றுகிற லாரிகள் ராத்திரிதான் பின்பக்கமாக வந்து நிற்கும். பின்பக்கமாக வரும் லாரி ஓட்டுநருக்குச் சைக்கிளில் வருகிற பத்து வயதுப் பையன் கண்ணில் படமாட்டான்.

இரண்டாம் தடவை ஒரு வாரம் ஆள் மாற்றி ஆள் வாசலில் உட்கார்ந்து எண்ணினோம். எத்தனை லாரி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திரும்புகிறது. கைப்பட எழுதிய அந்த நோட்டுப் புத்தகத்தைக் குழு உறுப்பினர்கள் கைமாற்றிப் பார்த்த அளவுக்கு எங்கள் வண்ணப் படங்களைப் பார்க்கவில்லை. கடைசி ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும், வாசல் எதிர்ப்பக்கச் சந்தில் இருக்கும் என்று நாங்களே முன்வந்து எழுதிக்கொடுத்தோம்.

ஜனவரி 20

முந்தைய குறிப்பில் 'பத்து வயதுப் பையன்' என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் மட்டும் என்றுதானே மனுக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஆமாம், முதல் மனுவில் அப்படித்தான் சொன்னோம். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தோம். ஆனால் எந்தக் கூடமும் பெரியவர்களோடு மட்டும் நின்றுவிடாது. மாலை நாலு மணிக்குக் காலியாக இருக்கும் கோர்ட்டைப் பார்த்து யாராவது பயிற்சி வகுப்புப் பேச்சை எடுப்பார்கள், நாமும் தலையாட்டுவோம். அதனால் ஆரம்பத்திலேயே பிள்ளைகள் வருவார்கள் என்று எழுதிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் அனுமதிக்கே மோசம்.

ஜனவரி 24

வகைப்பாடு மாறினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிலத்துக்கான விதி ஒன்று, கட்டடத்துக்கான விதி இன்னொன்று. கோடவுன் என்றால் உள்ளே இருப்பது சரக்கு, பத்து பேர். விளையாட்டுக் கூடம் என்றால் ஜனம் கூடுமிடம். தீ வந்தால் எத்தனை பேர் எத்தனை வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்ற கணக்கு அடியோடு மாறும்.

அமெரிக்காவில் பல இடங்களில் எடுத்துக்கொண்டிருக்கும் ஐ.பி.சி. (இன்டர்நேஷனல் பில்டிங் கோட்) என்ற கட்டட மாதிரி விதித்தொகுப்பில் உடற்பயிற்சி அறைக்கு ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்கு. எங்கள் கட்டடத்துக்கும் அதே மாதிரிதான் போட்டார்கள். 6,000 சதுர அடி, 120 பேர். நாங்கள் நாலு கோர்ட்டில் இரட்டையர் ஆடினால் மொத்தம் 16 பேர்! இதை எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். 'வார இறுதியில் போட்டி வைத்தால்?' என்றார் அந்த அதிகாரி. வைக்க மாட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அறிவிப்புத் தட்டியே அடித்து வைத்திருந்தோம். இரண்டாவது அவசர வாசல், வெளிப்பக்கம் திறக்கிற கதவு, கழிப்பறை எண்ணிக்கை, இதெல்லாம் அந்த 120-லிருந்து வந்தவை. செலவில் பாதி இங்கேதான் போனது, கோர்ட் விரிப்பில் அல்ல.

ஜனவரி 25

காற்று பற்றித் தனியாக எழுத வேண்டும், இதை மனுக் கொடுக்கிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றுதான் இழுப்பார். மூச்சு வாங்க ஆடுகிறவர் நூறு லிட்டர் வரை இழுப்பார், அதுவும் வாய் வழியாக. பக்கத்தில் பெயிண்ட் அடிக்கிற பட்டறை இருந்தால் அங்கே வேலை செய்கிறவருக்கு முகமூடி உண்டு, நமக்கு இல்லை. பேட்மிண்டனுக்கு இன்னொரு சிக்கல்: காற்று அசைந்தால் ஷட்டில் திசை மாறும். சாதாரண ஆலையில் நாலு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுச் சமாளிப்பதை நாம் செய்ய முடியாது. காற்று வேண்டும், ஆனால் அசையக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே வெயில் காலத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் கூரைக்கு உள்பக்கம் வெப்பத்தடுப்பு அடித்து, சுவரின் மேல்மட்டத்தில் காற்று மெதுவாக வெளியேறும்படி திறப்பு வைத்தோம். இன்றுவரை மூன்றாம் கோர்ட்டில் ஷட்டில் இடது பக்கம் இழுக்கும். தோற்றவர்கள் எல்லாரும் அங்கேதான் ஆடியிருப்பார்கள்.

தரையையும் விசாரியுங்கள். அதாவது, முன்னால் அங்கே என்ன தொழில் நடந்தது. உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களைப் பல வருடம் பயன்படுத்திய இடமென்றால் அது கான்கிரீட் வழியே மண்ணுக்கு இறங்கியிருக்கலாம், ஆவியாகத் திரும்பத் தரைவழியே மேலே வரலாம். கண்ணுக்குத் தெரியாது. காலியாகக் கிடந்த கட்டடம் ஏன் காலியாகக் கிடந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, கேட்டது கடைசியாக. எங்கள் இடத்தில் இருந்தது அட்டைப்பெட்டி. தப்பித்தோம்.

பிப்ரவரி 2

இரண்டாம் மனுவில் எங்களை நிஜமாகவே உட்கார்ந்து யோசிக்க வைத்தது, இரண்டு மனை தள்ளி இருக்கும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கடிதம். அங்கே குளிரூட்ட அம்மோனியா, நச்சு வாயு. கிடங்குக்காரர் எழுதியது கிட்டத்தட்ட இதுதான்: வால்வு கசிந்தால் என் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தெரியும், வருஷத்துக்கு இரண்டு தடவை பழக்குகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்னொரு வரியும் இருந்தது. நான் நாளைக்குக் கிடங்கைப் பெரிதாக்க அனுமதி கேட்டால், பக்கத்தில் ஜனம் கூடுமிடம் இருக்கிறது என்று எனக்குத்தான் மறுப்பார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1976 ஜூலையில் இத்தாலியின் செவேசோ பக்கத்தில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து டயாக்சின் என்ற நச்சு மேகம் கிளம்பி ஊர்மேல் இறங்கியது. ஐரோப்பாவில் 1982-ல் வந்த விதிக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. 1996-ல் அதைத் திருத்தியபோதுதான் அபாயகரமான ஆலைக்கும் மக்கள் கூடும் இடத்துக்கும் போதிய தூரம் வேண்டும் என்பதை நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். இடையில் 1984-ல் போபால். தூரம் என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் எட்டு நிமிஷம் பேசிய முதல் மனுவில் 'ஆபத்து எதுவும் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. யாரையும் கேட்காமல் எழுதியது. அந்தக் காகிதத்தை இப்போது எடுத்துப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 3

அப்புறம் என்ன ஆச்சு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கிடங்குக்காரரை நேரில் போய்ப் பார்த்தோம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அம்மோனியா இயந்திர அறையைச் சுற்றிக்காட்டினார், வாசனை கண்டுபிடிக்கும் கருவி, சைரன், எல்லாம். ஆட்சேபத்தை முழுசாக வாபஸ் வாங்கவில்லை. அவருடைய விரிவாக்கத்துக்கு நாங்கள் தடை சொல்ல மாட்டோம், சத்தம் வாசனை பற்றிப் புகார் செய்ய மாட்டோம், அந்த ஆபத்து தெரிந்துதான் வருகிறோம் என்று எழுதிக்கொடுத்தோம். அந்தக் காகிதம் சட்டப்படி எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம், விரிவாக்க மனு வந்தால் குழு எங்கள் கையெழுத்தையா பார்க்கும், தலையைத்தான் எண்ணும். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அதை வாங்கி மடித்து மேசை அறைக்குள் வைத்தார், அடுத்த கூட்டத்தில் எதிர்த்துப் பேசவில்லை.

கிடைத்தது நிரந்தர அனுமதி இல்லை. பட்டியலில் வரி சேர்ந்தது, ஆனால் ஒவ்வொரு கூடமும் தனித்தனியாக மனுக் கொடுத்து நிபந்தனையோடு வாங்க வேண்டும், அபாயப் பொருள் வைத்திருக்கும் இடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் கூடாது, ஒரு தொழிற்பேட்டையில் இவ்வளவு பங்குக்கு மேல் தொழிலல்லாத பயன்பாடு கூடாது. எங்களுக்கு அந்தத் தூரம் ஒன்பது மீட்டர் வித்தியாசத்தில் சரியாக அமைந்தது. முன்பு பத்து சென்டிமீட்டரில் தோற்றதை இங்கே எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் கடைசியாகக் கேட்டது: இவ்வளவும் சொல்லிவிட்டு, போடச் சொல்கிறீர்களா வேண்டாம் என்கிறீர்களா?

போடுங்கள். ஆனால் மனுவை எழுதுவதற்கு முன்னால் சுற்றியுள்ள எல்லா வாசலையும் ஒருமுறை தட்டிவிட்டு எழுதுங்கள். முதல் தடவை நான் அலுவலகத்துக்கு ஒன்பது முறை போனேன், பக்கத்துப் பட்டறைக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. உங்கள் கோடவுனுக்கு 200 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்து இங்கே எழுதுங்கள், மிச்சத்தை அப்போது பேசலாம்.

பிப்ரவரி 4, கொஞ்ச நேரம் கழித்து

கிடங்குக்காரர் வைத்த இன்னொரு நிபந்தனையைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் கூரை மேல் ஒரு காற்றுத் துணி கட்ட வேண்டும், விமான நிலையத்தில் இருக்குமே, ஆரஞ்சு நிறத்தில் குழாய் மாதிரி. சைரன் கேட்டால் பிள்ளைகள் வெளியே வந்து அதைப் பார்த்து, காற்று வருகிற வழிக்குக் குறுக்காக நடக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை அவர் ஆட்களோடு சேர்ந்து எங்கள் பிள்ளைகளும் பழகுகிறார்கள். போன தடவை புதிதாகச் சேர்ந்த ஒரு பொடியன் அந்தத் துணியை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான், மூன்றாம் கோர்ட்டில் இன்றைக்கு எந்தப் பக்கம் இழுக்கும் என்று பார்ப்பதற்குத்தானே இது என்று.